காப்புக் கட்டாத வாசல்

பண்டிகை நாட்களில் வீட்டை மணக்க வைப்பது என் பிழைப்பு. சொன்னால் சிரிப்பார்கள். சின்னக்கானலுக்கு மேலே, தேயிலைக் காடு முடிந்து ஏலக்காடு தொடங்கும் சரிவில் ஒரு ரிசார்ட் இருக்கிறது. அங்கே ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறேன். விரிப்பு மாற்றுவதும் குளியலறை கழுவுவதும்தான் சம்பளத்துக்கான வேலை. ஆனால் ஓணமோ கிறிஸ்துமஸோ நெருங்கிவிட்டால் மேனேஜர் என் பின்னாலேயே சுற்றுவார். "சேச்சி, கெஸ்ட் உள்ளே கால் வச்ச உடனே பண்டிகைன்னு தோணணும், கேட்டோ" என்பார். அவர் வாங்கி அடுக்கியிருந்த ஸ்ப்ரே டப்பாக்களை நான் சேர்ந்த வருடமே ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டேன். எல்லாம் பினாயிலுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி ஒரு வாசனை. அதன் மேல் பைன் மரப் படத்தை ஒட்டிவிட்டால் காடு வந்துவிடுமா?

மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், குளிரில் மணம் எழும்பாது. கீழே எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு முழம் மல்லிகையை நிலைப்படியில் தொங்கவிட்டால் போதும், தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். இங்கே ஒரு கூடைப் பூவைக் கொட்டினாலும் மூக்கு பட்டினிதான். மணத்துக்குச் சூடு வேண்டும். அதனால் கிறிஸ்துமஸுக்கு சைப்ரஸ் கிளைகளைக் கணப்புக்குப் பக்கத்தில் கட்டுவேன். ஆரஞ்சுப் பழத்தில் கிராம்பைக் குத்திக் கணப்பின் மேல் பலகையில் வரிசையாக வைப்பேன். தீபாவளிக்கு ஏலக்காய்த் தொலியைக் கங்கில் தூவுவேன். ஓணத்துக்குத் தைலப்புல்லை முடிச்சுப் போட்டு வெந்நீர்ப் பானையில் மிதக்க விடுவேன். மழை பெய்கிற ஆவணியில், ஈரக் கம்பளியோடு உள்ளே நுழைகிறவர்கள் அந்த ஆவி பட்டதும் முகம் மலர்ந்து நிற்பார்கள். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. லயத்து வீட்டில் விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து, என்னென்ன பொருள் எவ்வளவு சூட்டில் மணக்கிறது என்று நானே கண்டுகொண்டதுதான்.

லயம் என்றால் தோட்டத் தொழிலாளிகளுக்கான வரிசை வீடுகள். சூரியநெல்லியில் எங்கள் லயம் ரோட்டுக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் கடைசி வீடு வரைக்கும் சோறு இறங்கும். நான் அங்கே வாழ வந்தவள். பிறந்தது கோபாலபுரம் பக்கம், தென்னையும் நிலக்கடலையும் விளைகிற சமவெளியில். என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். தென்னந்தோப்புப் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்களை இறக்கிவிட்டு, எங்கள் கிணற்றடியில் தண்ணீர் கேட்டவர். அந்தக் கதை இங்கே வேண்டாம். வெயிலில் பிறந்து குளிருக்கு வாக்கப்பட்டேன் என்று தெரிந்தால் போதும்.

கல்யாணமான முதல் தைப் பொங்கலுக்கு எனக்குச் சீர் கொண்டு வந்தார் என் அண்ணன். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டதால் பிறந்த வீடு என்றால் எனக்கு அண்ணனும் அவர் மனைவியும்தான். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் வாய் ஓயாமல் பேசுவார். நங்கை கேட்டதற்குப் பதில் சொல்வார், அதுவும் பாதிதான்.

அந்த முதல் வருடம் அண்ணன் ஒரு கட்டுக் கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் வந்து நின்றார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் சிரிப்புக்குக் குறைவில்லை. கரும்பைப் பார்த்ததும் லயம் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. யாரும் மரியாதைக்கு வரவில்லை, பயந்துபோய் வந்தார்கள். எங்கள் பக்கம் யானை வரும். கரும்பும் வாழையும் அதற்கு எங்கிருந்தாலும் தெரிந்துவிடும். வாசலில் கரும்பு கட்டுவது, கதவைத் திறந்து வைத்து அதைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குச் சமம். அதனால் இங்கே பொங்கலுக்கு யாரும் கரும்பு நிறுத்துவதில்லை, வாழைமரம் கட்டுவதில்லை.

"ஏட்டி, உங்க அண்ணன் நமக்குச் சீர் கொண்டாந்தாகளா, ஆனைக்குக் கொண்டாந்தாகளா?" என்றார் என் மாமியார்.

"அதும் ஒரு சீவன்தானுங்க அத்தை. ஒரு துண்டு திங்கட்டும்" என்றார் அண்ணன்.

இருட்டுவதற்குள் அந்தக் கட்டு முழுவதையும் தின்று தீர்க்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வீட்டுப் படியிலும் ஆட்கள் உட்கார்ந்து கடித்துத் துப்பினார்கள். சக்கையைக்கூட விடாமல் பொறுக்கி அடுப்பில் போட்டு எரித்தோம். பல் கூசிப்போய் அடுத்த நாள் பொங்கலை யாராலும் மெல்ல முடியவில்லை. லயத்தில் இன்றைக்கும் என் அண்ணனைக் ‘கரும்புச் சம்மந்தி’ என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த வருடத்திலிருந்து கரும்பு வரவில்லை. அதற்குப் பதிலாக உரச்சாக்கு ஒன்று வந்தது. உள்ளே ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை, மாவிலை. மார்கழி கடைசி நாள் பொழுது சாயும்போது இவற்றை ஒரு கொத்தாகச் சேர்த்து வீட்டு இறவாணத்தில், அதாவது கூரை விளிம்பில், செருகுவதற்குக் காப்புக் கட்டுவது என்று பெயர். எங்கள் ஊரில் வீட்டுக்கு மட்டுமில்லை, கிணற்றுக்கு, மாட்டுக் கொட்டகைக்கு, காட்டின் மூலைக்கு, மோட்டார் ரூமுக்குக்கூட உண்டு. அதைக் கட்டினால்தான் நோம்பி, அதாவது பண்டிகை, வந்ததாகக் கணக்கு. இங்கே மலையில் ஆவாரையும் இல்லை, பூளையும் இல்லை. போடியிலிருந்து ஜீப்பில் கட்டுக் கட்டாக வந்து கடையில் விற்கும். பேரம் பேசி வாங்கிவிடலாம். அண்ணனுக்கும் அது தெரியும். "கடையில வாங்கறதெல்லாம் எந்த ஊரு வேலியோ, யாரு கண்டா?" என்று சொல்லிவிட்டு, எங்கள் காட்டு வேலியில் ஒடித்த கொத்துகளைச் சுமந்துகொண்டு பஸ் மாறி பஸ் மாறி வருவார். சின்னாறு செக்போஸ்டில் சாக்கை அவிழ்த்துப் பார்க்காத வருடம் இல்லை. அவர்களுக்கும் பூளைப்பூவின் பெருமையைச் சொல்லிவிட்டுத்தான் வருவார்.

அவர் வருவது காப்புக்கு முந்தின நாள். வந்து, பால் விடாத கட்டஞ்சாயா ஒன்றைக் குடித்துவிட்டு, படியில் உட்கார்ந்து சாக்கைக் கொட்டுவார். லயத்தில் எத்தனை வாசலோ அத்தனை கொத்து கட்டுவார். நார் கிழிப்பதும் பேசுவதும் ஒரே வேகத்தில் நடக்கும். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் பேச்சில் பாதி அவர்களுக்குப் புரியாது. "ஊடுன்னா வீடாமே" என்று சொல்லிச் சிரிப்பார்கள். மறுநாள் முதல் பஸ்ஸில் அவர் போய்விடுவார், பொழுது சாய்வதற்குள் சொந்த வீட்டுக்குக் காப்புக் கட்ட வேண்டுமே.

அந்த ஒரு இரவுக்கு எல்லாக் கொத்துகளும் என் அடுப்புக்கு மேலே, விறகு காயப்போடும் பரணில் கிடக்கும். நான்தான் அங்கே வைப்பேன். அடுப்புச் சூடு ஏற ஏற வேப்பிலையின் கசப்பும் ஆவாரையின் பச்சை நெடியும் கிளம்பி அறை முழுக்கப் பரவும். பூளைப்பூவுக்கு மணமே கிடையாது. வெறும் பஞ்சு. ஆனால் அது ஊர்ப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடு பட்டதும் அந்தப் புழுதி, மழைக்கு முந்தின காடு மாதிரி மணக்கும். சம்பளத்துக்கு எத்தனை அறையை மணக்க வைத்திருக்கிறேன். என் சொந்தப் பண்டிகைக்கு என் வீட்டில் இருந்தது இந்த ஒரு வாசனைதான். வருடத்துக்கு ஒருமுறை அந்த அறையில் படுத்துக்கொண்டு, நான் இன்னும் ஒரு வீட்டுக்குப் பெண் என்று நினைத்துக்கொள்வேன்.

சென்ற ஆவணியில் அண்ணன் இறந்துபோனார். விடிகாலையில் தோப்புக்குத் தண்ணீர் விட மோட்டார் போடப் போனவர், மோட்டார் ரூம் வாசலிலேயே சரிந்துவிட்டார். ஓணத்துக்கு முந்தின வாரம் அது. செய்தி வந்தபோது நான் தைலப்புல் அறுத்துக்கொண்டிருந்தேன். கையில் அந்த வாசனையோடுதான் பஸ் ஏறினேன்.

வீட்டில் அண்ணனை நடு அறையில் கிடத்தியிருந்தார்கள். செண்டுமல்லியும் சம்பங்கியும் கழுத்து மறையக் கிடந்தன. கீழே வெயிலில் பூ வாடுகிற வேகமே வேறு. அந்த வாசனை தொண்டைக்குள் இறங்கியது. நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். நங்கை அழவில்லை. எத்தனை பேருக்குச் சோறு ஆக்க வேண்டும், பந்தலுக்கு யார் போகிறார்கள், மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கல்நெஞ்சு என்று மனதுக்குள் திட்டினேன். வாய்விட்டுத் திட்டியிருந்தாலும் அன்றைக்கு யாரும் தப்பாக எடுத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தேன். கூடவே இருந்து காரியம் முடியும் வரை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். நங்கை என் பையை எடுத்து வந்து கையில் கொடுத்தார்.

"நீ கெளம்பு அம்மிணி. உனக்கு மூணு நாள்தான்."

கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் தீட்டு மூன்று நாள். எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. அண்ணன் வீட்டில் ஒரு வருடத்துக்கு நோம்பி கிடையாது. காப்பு, கோலம், பலகாரம் எதுவும் கிடையாது. நான் வேறு வீட்டுக்காரி, என் துக்கம் மூன்று நாளில் தீர்ந்துவிட வேண்டும். இருந்தாலும் அதை நங்கை வாயால் கேட்டபோது, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினது மாதிரி இருந்தது. பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோபாலபுரம் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, இனி எனக்கு இங்கே யாரும் இல்லை என்று நினைத்து அழுதேன்.

வந்த மறுநாளே ரிசார்ட்டில் பூக்களம் போட வேண்டியிருந்தது. மூட்டையை அவிழ்த்தேன். செண்டுமல்லி. அதே வாசனை. இதழ் இதழாகப் பிய்த்து வட்டத்துக்குள் பரப்பினேன். சுற்றி நின்று எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே பூவை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். குளிர் சேரவில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு எப்போதையும்விட நன்றாகவே செய்தேன். கை பழகின வேலை, மனம் வேண்டியதில்லை. கொச்சியிலிருந்து வந்த ஒரு அம்மாள் கணப்பு முன்னால் கண்ணை மூடி நின்று, "எங்க அம்மச்சி வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. உங்களுக்கு வேண்டிய வீட்டை எல்லாம் நான் கொண்டுவந்து தருகிறேன், எனக்கு யார் தருவார் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

இடையில் நங்கைக்குப் போன் செய்வேன். "சாப்ட்டாச்சுங்களா நங்கை?" என்பேன். "ஆச்சு" என்பார். "மாடு எப்பிடி இருக்குதுங்க?" "இருக்குது." அவர்தான் முதலில் வைப்பார். தோப்பில் தனியாக எப்படி இருக்கிறார் என்று கேட்க வாய் வரும், கேட்க மாட்டேன். அவருக்கு நான் வேண்டாம், மூன்று நாள் உறவு முடிந்துவிட்டது என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன்.

மார்கழி பிறந்ததும் எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. இந்த வருடம் என் வாசலில் காப்பு இல்லை, கோலம் இல்லை, பொங்கல் இல்லை. ஊர் வழக்கம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அண்ணனுக்காக ஒரு வருடம் மூளியாகக் கிடக்க எனக்கு உரிமை உண்டு. யாரும் தராவிட்டால் நானே எடுத்துக்கொள்வேன். ரிசார்ட்டில் லீவு சொன்னேன். "அய்யோ சேச்சி, பொங்கலுக்கு நிறைய புக்கிங் இருக்கு, டெக்கரேஷன் யார் செய்யும்?" என்று மேனேஜர் பதறினார். "ஸ்ப்ரே இருக்கே, அடிங்க" என்று ஸ்டோர் ரூம் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சண்டை வந்தது. மாமியார் கெட்டவர் இல்லை. கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவர், என்னைப் பெற்ற மகள் மாதிரிதான் வைத்திருந்தார். ஆனால் வாசலை மூளியாக விடுவது அவருக்குத் தாங்கவில்லை.

"கெட்டிக் குடுத்த பிள்ளைக்கு மூணு நாளுதாம்ட்டி தீட்டு. நல்ல நாளும் அதுவுமா வாசலக் காலியாப் போட்டா, ஆம்பள வண்டி ஓட்டுத வீட்டுக்கு ஆவுமா?"

"அவருக்கு ஒண்ணும் ஆவாது. எங்கண்ணனுக்குத்தான் ஆயிப்போச்சு" என்றேன்.

"நீ பேசுதது நல்லால்ல."

"நல்லாப் பேசறதுக்கு எனக்கு இப்ப நேரம் நல்லால்லீங்க அத்தை."

மாமியார் விருட்டென்று எழுந்தார். சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தேவிகுளத்தில் இருக்கும் இளைய மகன் வீட்டுக்குப் பொங்கல் வைக்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பேச முடியாமல் விழித்தார். காப்பு நாள் காலையில் கடையிலிருந்து ஒரு கட்டு வாங்கி வந்து படியில் வைத்தார். நான் அதை எடுத்துப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் சவாரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சவாரி இருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் லயம் களை கட்டியது. வாசல் கழுவும் சத்தம், பிள்ளைகள் கத்தும் சத்தம். ஒரே தகரக் கூரையின் விளிம்பில் வீட்டுக்கு வீடு கொத்துகளைச் செருகிக்கொண்டு வந்தார்கள். என் வாசல் வந்ததும் தாண்டிப் போனார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது அவர்கள் நல்ல குணம். நான் உள்ளே அடுப்புக்கூடப் பற்ற வைக்காமல் படுத்திருந்தேன். நினைத்ததைச் சாதித்துவிட்டேன், ஆனால் அதில் ஒரு ஆறுதலும் இல்லை. நான் துக்கம் காப்பது யாருக்குத் தெரியப்போகிறது? தெரிய வேண்டிய ஒருவர் மலைக்குக் கீழே, தென்னந்தோப்புக்குள், போனை எடுக்காமல் இருந்தார். அன்று காலையிலிருந்து நான் கூப்பிட்டதெல்லாம் அடித்து அடித்து நின்றது.

கதவு தட்டினார்கள். எழுந்திருக்கவில்லை. கதவு தானாகத் திறந்தது. முதலில் உள்ளே வந்தது வாசனை. நசுங்கின வேப்பிலை, ஆவாரை, அந்தப் புழுதி. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அண்ணன் வந்துவிட்டார் என்று நினைத்தேன். புத்தி என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டு, "வாங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தார். தலையில் உரச்சாக்கு.

"கீழ பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா நிக்காக. இத உங்கிட்டக் குடுக்கச் சொன்னாக. மேல வாங்கன்னு கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டாக. நல்ல நாளு, நான் நோம்பி வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னாக. யாருட்டி அது?"

நான் செருப்புப் போடவில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே ரோட்டுக்கு ஒரு குறுக்குப் பாதை இறங்குகிறது. மூடுபனியில் எதிரில் இருப்பது தெரியவில்லை. கிளை கீறிக் கை எரிந்தது. தேவிகுளம் வழியாக மூணாறு போகும் பஸ் வளைவில் ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டது. அதில் ஏறிவிட்டால் போச்சு என்று நினைத்துக்கொண்டே, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து "நங்கை" என்று கத்தினேன்.

நிழற்குடையின் ஓரத்தில் நின்றிருந்தார். ஸ்வெட்டர் இல்லை, சால்வை இல்லை. மலைக் குளிரைப் பற்றி ஒன்றும் தெரியாத மனுஷி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். வெறும் நெற்றி. வாந்தி எடுத்த களைப்பில் உதடு வெளுத்திருந்தது. அந்த நிமிடம் வரைக்கும் அவர் ஒருமுறைகூட எங்கள் மலைக்கு வந்ததில்லை. மாட்டை யார் பார்ப்பது என்று அண்ணனைத்தான் அனுப்புவார்.

"நீ எதுக்கு ஓடியாறே?" என்றார். "சாக்கு வந்து சேந்துதா?"

"போனு பண்ணுனா எடுக்க மாட்டீங்களா? சொல்லியிருந்தா நான் வந்திருப்பனே. மேல வாங்க நங்கை."

"பண்ணுனா நீ வராதீங்கன்னு சொல்லுவே. இல்லாட்டி மேல வாங்கன்னு கூப்புடுவே. ரெண்டும் ஆவாது. நா வரக் கூடாது அம்மிணி. நோம்பி ஊடு. வருசம் திரும்பட்டும்." பஸ் வருகிறதா என்று பார்த்தார். "வருசா வருசம் குடுத்த சீரு. அவரு இல்லீன்னு நின்னு போச்சுன்னு உன்ற மாமியா ஊட்டுல ஒரு சொல்லு வந்துரக் கூடாது. பூளைதான் எங்க இருக்குதுன்னு தெரியல. அவருதான் ஒடிப்பாரு. வெடியால வேலி வேலியாத் தேடுனேன். சீக்கிரம் போய்க் கட்டு, பொழுது உழுகப் போவுது."

பஸ் வந்து நின்றது. நங்கை ஒரு கால் எடுத்து வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிரில் விறகுக் கட்டை மாதிரி இருந்தது கை.

"என்ற ஊட்டுல நோம்பி இல்லீங் நங்கை. காப்புக் கட்டல. கோலம் போடல. அடுப்பே பத்த வைக்கல."

"ஏன்?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். "சாக்கு வராதுன்னா?"

"எங்கண்ணன் செத்துப்போயிட்டாருங் நங்கை."

கண்டக்டர் ஏறுகிறீர்களா இல்லையா என்று மலையாளத்தில் கேட்டார். நங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. அவர் முந்தானையை இன்னொருமுறை இழுத்துக்கொண்டு, "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

லயத்தின் முற்றத்தில் நடக்கும்போது அவர் சுவரோரமாக வரவில்லை. காப்புக் கட்டின வாசல்களில் தன் நிழல்கூடப் படக் கூடாது என்று எதிர் ஓரத்தில், தேயிலைச் செடியை உரசிக்கொண்டு நடந்தார். பெண்கள் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கரும்புச் சம்மந்தியின் வீட்டம்மா என்று அவர்களுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. ஒருத்தி கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

வீட்டுக்கு வீடு கொத்து. மஞ்சளும் வெள்ளையும் பச்சையுமாக. நடுவில் என் வாசல் மட்டும் வெறுந்தகரமாக இருந்தது. நங்கை அங்கே வந்ததும் நின்றார். அண்ணாந்து பார்த்தார். இந்தப் பக்கத்துக் கொத்தையும் அந்தப் பக்கத்துக் கொத்தையும் பார்த்தார், திரும்பவும் என் இறவாணத்தைப் பார்த்தார். பிறகு யாரும் கூப்பிடாமலே படியேறி உள்ளே வந்தார்.

நான் அடுப்பைப் பற்ற வைக்கக் குனிந்தேன். அவருக்குச் சூடாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை. சாக்கு அடுப்பங்கரையில்தான் இருந்தது. தீ பிடித்ததும் அதன் வாசனை மெல்ல எழும்பியது. நங்கை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அந்த வாசனை அவரிடம் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்தேன். முதலில் தோள் குலுங்கியது. பிறகு ஒரு சத்தம் வந்தது, நடு அறையில் அண்ணனைக் கிடத்தியிருந்தபோது வராத சத்தம். வாயைப் பொத்திக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு மட்டுந்தான் அவரு செத்துட்டாருன்னு நெனச்சுட்டு இருந்தனே அம்மிணி" என்றார்.